பூட்டன் பெயர் என்ன?

ஞாயிறு பத்திரிகையைக் கையில் எடுத்ததும் மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களில் நானும் ஒருவன். வயதுதான் காரணம் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. உண்மையில் அது தொழிற் பழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்தபோது என்னிடம் ஒப்படைக்கப்பட்ட முதற் பக்கம் அதுவே. செய்தியில் பிழை வந்தால் மறுநாள் ஒரு திருத்தத்தோடு போய்விடும். மரண அறிவித்தலில் தகப்பன் பெயர் பிழைத்தால் குடும்பமே வாசலில் வந்து நிற்கும் என்று அன்றைய மூத்தவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னார் தம்பதியினரின் அன்பு மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் பேரன். டொரொன்டோவிலோ இலண்டனிலோ சூரிச்சிலோ காலமாகும் ஒருவருக்கும் அதே வாய்பாடுதான். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அதை நிரப்புவதற்கு ஐந்து நிமிடம் போதும். மலையகத் தோட்டமொன்றிலிருந்து வரும் மகன் அதே தாளை நிரப்ப உட்காரும்போது முதல் வரியிலேயே பேனா நின்றுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறப்பிடம் எது? பிறந்த தோட்டமா, பாட்டன் சொன்ன இந்தியக் கிராமமா? பாட்டனைப் பெற்றவர் யார்?

இதனை அக்கறையின்மை என்றும் படிப்பின்மை என்றும் எண்ணுவோர் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படுவதில்லை. வேறு சமூகங்களுக்குத் தகப்பனை நினைவில் வைப்பது வீட்டு விடயம். எங்களுக்கோ அது அரசாங்கம் நடத்திய பரீட்சையாக இருந்தது. அந்தப் பரீட்சையில் ஒரு முழுச் சமூகமும் தோற்கடிக்கப்பட்டது. தோற்றவர்கள் வினாத்தாளைப் பற்றிப் பேச விரும்பாமல் இருப்பது இயல்புதானே.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாக வேண்டுமாயின் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனின் தகப்பனும் அவரைப் பெற்றவரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தான் இங்கே பிறந்தது மட்டும் போதாது. தாய் எங்கே பிறந்தாள் என்பதைச் சட்டம் கேட்கவேயில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் இது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம். தாயின் வழியிலும் பிரசாவுரிமை கிடைக்கலாம் என்று அந்தச் சட்டம் திருந்துவதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டத்தின் எழுத்தில் தோட்டத் தொழிலாளி என்ற சொல் கிடையாது. கேள்வி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. பதிலுக்குப் பத்திரம் கேட்கப்பட்டது எங்களிடம். இந்நாட்டில் பிறப்புப் பதிவு ஓர் ஒழுங்குக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதிலும் தோட்டத்தில் பிறக்கும் பிள்ளையின் பெயர் துரையின் காரியாலயம் வழியாகவே பதிவாளரைச் சென்றடைய வேண்டும். லயத்து அறையிலிருந்து அந்தக் காரியாலயத்துக்குப் போகும் வழியில் தொலைந்த பெயர்கள் எத்தனையோ. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்ட பின்னர், 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த வாக்காளர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் இடாப்பிலேயே இல்லை. தகப்பனின் பிறப்புக்குச் சான்று காட்ட முடியாதவர்கள் தங்கள் வாக்கை இழந்தார்கள்.

கடல் கடந்து கூலிகளாகப் போன எல்லோருக்கும் இந்தக் கதி ஏற்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1879ஆம் ஆண்டிலிருந்து பிஜித் தீவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு குடிபெயர்வுச் சீட்டு இருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், கப்பலின் பெயர் எல்லாம் அதில் உண்டு. மொரீசியஸில் அத்தகைய பழைய பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நான்காம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்து பாட்டன் ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். வெள்ளைக்காரன் அதைக் கருணையினால் எழுதி வைக்கவில்லை. ஓடிப்போகும் கூலியைப் பிடிப்பதற்காகவே எழுதினான். ஆனாலும் எழுத்து எழுத்துதான்.

இலங்கைக்கு வந்தவர்கள் கங்காணியின் பின்னால் வந்தவர்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியாகக் காடு கடந்து மாத்தளை வரை நடந்தவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை. அவர்களின் பெயர் ஏறிய ஒரே ஏடு கங்காணியின் கடன் கணக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சீட்டு வந்தது, தகரத்தால் ஆனது, கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டியது. அதில் பொறிக்கப்பட்டிருந்தது தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும். அதில் தகப்பன் பெயருக்கு இடமில்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தொடங்கித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மலையகத்தின் 200 ஆண்டுகளை முன்னிட்டு மக்கள் நடந்தார்கள் அல்லவா? அந்த நடைபயணத்தில் கலந்துகொண்ட இளைஞர் ஒருவரிடம், உங்கள் குடும்பத்தில் முதலில் இந்தப் பாதையால் வந்தவர் யார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதைத் தெரியாமல்தானே சார் நடக்கிறோம்" என்றார்.

என் குடும்பக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் அது விசேடமானது என்பதல்ல. எங்கள் லயத்தில் இருந்த பத்து அறைகளிலும் அதே கதைதான்.

என் தாத்தா பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்ததாகச் சொல்வார். அதற்குச் சான்று இல்லை. அவருடைய தகப்பனார், அதாவது என் பூட்டன், முதுமையில் ஊர்மண்ணில் சாகவேண்டும் என்று திருச்சிப் பக்கத்திலிருந்த தம் கிராமத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். அப்படிப் போனவர்கள் அக்காலத்தில் பலர். 1943இல் அவர் இறந்த செய்தி கடிதத்தில் வந்தது. கொள்ளி வைக்க முடியவில்லை. ஆண்டுத் திவசத்தையாவது மூத்தமகன் கையால் கொடுக்க வேண்டும் என்று தாத்தா புறப்பட்டுப் போனார். திவசத்தை முடித்துக்கொண்டு திரும்புவதற்குப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. அப்போது என் அப்பாவுக்கு இரண்டு வயது. அப்பாயி தனியாகக் கொழுந்து பறித்து அவரை வளர்த்துக்கொண்டிருந்தார்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, விண்ணப்பிப்பதற்கு 1951 ஆகஸ்ட் வரை அவகாசம் இருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது. பின்னர் விண்ணப்பியுங்கள் என்றது. கடைசி நேரத்தில் தோட்டம் தோட்டமாகப் படிவங்கள் நிரப்பப்பட்டன. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பல ஆண்டு விசாரணைகளின் பின் பிரசாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். விவாகமானவர் 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முந்திய 7 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே தடவையில் 12 மாதங்களைத் தாண்டி வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். தாத்தா இருந்தது பதின்மூன்று மாதம். தகப்பனுக்குத் திவசம் கொடுக்கப் போனதாக விசாரணையில் அவர் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த உண்மையின் பேரிலேயே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நிராகரிப்புக் கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தாத்தாவுக்கு அதை வாசித்துச் சொன்னவர் பெரிய கணக்கப்பிள்ளை. தாத்தா அதை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். பின்னர் அந்தப் பெட்டி அப்பாவுக்கு வந்தது.

அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வெட்டிச் சீர்படுத்தும் வேலை கவ்வாத்து என்பதைத் தெரியாத வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். கவ்வாத்துக் கத்தியை அவர் தீட்டும் ஓசையைக் கேட்டே நாங்கள் விடிந்துவிட்டதை அறிவோம். ஒரே வெட்டு; செடியின் பட்டை கிழியக்கூடாது; வெட்டிய முகம் சாய்வாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மழைநீர் தங்கி அழுகிவிடும். பாடசாலை விடுமுறையில் அவரோடு மலைக்குப் போய் நின்றிருக்கிறேன். மூடுபனிக்குள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வரிசையாக நிற்கும் ஆண்களில் அப்பா எவர் என்பதை முகத்தைப் பார்க்காமலே வெட்டும் வேகத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். அதிகம் பேசமாட்டார். திட்டவும் தெரியாது. மூன்றாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் எழுத்தின் மீது அவருக்கு இருந்த மரியாதையை, பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கற்பித்த பேராசிரியர்களிடம்கூட நான் கண்டதில்லை. கடையில் சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டையும் மடிப்பு நீக்கி ஒருமுறை வாசித்த பின்னர்தான் அடுப்பில் போட அனுமதிப்பார்.

மலையகத்துப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லோரும் அறிந்தது. மற்றது ஒருநாள் சம்பளம். பிரட்டுக்களத்தில் நின்று, வேலைக்குப் போய், கணக்கப்பிள்ளை செக்ரோலில் குறித்துக்கொண்டால் அன்று 'பேர்' உண்டு. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. துரைக்குக் கோபம் வந்தால் 'பேர் வெட்டிவிடுவார்'. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். தமிழ் பேசும் வேறெந்தப் பிரதேசத்திலாவது கூலிக்கும் பெயருக்கும் ஒரே சொல் இருக்கிறதா என்று மொழியியல் படித்தவர்கள் சொல்ல வேண்டும். உழைத்த நாளுக்கு மட்டும் பெயர் உள்ள மனிதர்கள் மத்தியில் நான் பிறந்து வளர்ந்தேன் என்பதை, வெளியே வந்து நாலெழுத்துப் படித்த பின்னரே உணர்ந்தேன்.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. அப்படித்தான் எழுதினார்கள். மூட்டைக் கணக்குப் போல என்று சொன்னால் மூட்டைக்கு வருத்தம் வரும்; மூட்டைகளைப் பங்கிடும்போது ஒரு மூட்டையைக் கிழித்துப் பாதியாக்குவதில்லை. எங்கள் குடும்பம் கிழிந்தது. அப்பா 1970இல் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். சித்தப்பா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தில் அதே கொழுந்து, அதே கவ்வாத்து. இங்கே 'இந்தியாக்காரன்' என்று அழைக்கப்பட்டவரை அங்கே 'சிலோன்காரர்' என்று அழைத்தார்கள். அண்ணனும் தம்பியும் அதன்பின் நேரில் சந்தித்தது ஒரே ஒருமுறை.

அப்பாவுக்குப் பதிவுப் பிரசை என்ற சான்றிதழ் கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. அதன் இலக்கம் எனக்கு இன்றும் மனப்பாடம். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோதும், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோதும், முதல் கடவுச்சீட்டின்போதும் அந்த இலக்கத்தைக் கேட்டார்கள். என்னோடு படித்த மாணவர்கள் தங்கள் தகப்பனின் தொழிலைச் சொன்னால் போதுமாயிருந்தது. நான் இலக்கத்தையும் சொல்ல வேண்டும். நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் ஒருவாறு தீர்வு தந்தன. 1948இல் எழுந்த கேள்விக்கு 2003இல் பதில்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அப்பா ஒரு காரியம் செய்தார். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக அவர் சிலகாலம் இருந்தார். சந்தாக் கணக்கு எழுதத் தந்த சீ.ஆர். கொப்பி ஒன்றின் பின்பக்கத்திலிருந்து, தோட்டத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதத் தொடங்கினார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், இறந்த திகதி, எந்த மலையின் ஓரத்தில் அடக்கம் என்ற குறிப்பு. அவ்வளவுதான். பெருமைக்காகச் செய்யவில்லை. ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "தம்பி, நாளைக்கு எவனாவது வந்து இவுங்க அப்பன் யாருன்னு கேட்டா யாரு சொல்றது?" என்றார். அவர் தம்முடைய தகப்பன் விசாரணையில் நின்ற நாளை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

அப்பா 2022 மார்ச்சில், எண்பத்தொன்றாவது வயதில் காலமானார். நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற மாதம் அது. டொலர் இல்லாமல் அச்சுத்தாளும் தட்டுப்பட்டு, பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்திருந்தன. ஆயிரக்கணக்கான மரண அறிவித்தல்களை ஒப்புநோக்கியவனின் தகப்பனுக்கு ஆறே வரியில் அறிவித்தல் வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆறு வரியிலும் பிழையில்லை.

தோட்டத்தில் அன்று தப்பு ஒலித்தது. கடை வைத்திருப்பவர்களும் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் வந்தார்கள். சித்தப்பா நீலகிரியிலிருந்து கைத்தொலைபேசியின் திரையில் அண்ணனின் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. குழி வெட்டியவர்கள் நால்வர். பழைய வழக்கப்படி அவர்களுக்கு அன்றைய 'பேர்' உண்டா என்று ஒரு பெரியவர் கேட்டார். உண்டு என்றார்கள். அப்பா கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதற்குப் பின்னர்தான் பத்திரங்களின் படலம். சேமலாப நிதிப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிரசாவுரிமைச் சான்றிதழில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே பெயர்தான். ஆங்கில எழுத்தில் ஓர் 'எச்' கூடியும் சிங்கள எழுத்தில் ஒரு கொம்பு குறைந்தும் இருந்தன. ஒரு காரியாலயத்தில், இவர் மூவரும் ஒருவரே என்பதற்குச் சத்தியக் கடதாசி கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனோம். பிறகு தகப்பன் பெயரிலும் வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாலு தடவை போய்வந்தோம். பத்திரிகையாளன் என்ற அட்டையைக் கையில் வைத்திருந்த எனக்கே இப்படியென்றால், எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு மகனோ மகளோ என்ன செய்வார்கள்? பலர் இரண்டாம் தடவையோடு விட்டுவிடுகிறார்கள். தகப்பன் ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் ஓர் எழுத்துப் பிழைக்குப் பின்னால் நிற்கிறது. செக்ரோலில் எழுதிய எழுத்தருக்கு அது அரை நிமிட வேலை.

ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களுக்கான நாள் என்பதும் சித்திரா பௌர்ணமி தாயை இழந்தவர்களுக்கான நாள் என்பதும் இலங்கைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்குப் பின் வந்த ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் ஐயர் முன் அமர்ந்தேன். எள்ளும் தண்ணீரும் விடும்போது மூன்று பெயர்களைக் கேட்டார்: தகப்பன், பாட்டன், பூட்டன்.

அந்தக் கணத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் இதே மூவரைத்தான். சட்டத்தை வரைந்தவர்கள் தர்ப்பணத்தை நினைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தற்செயலாகவேனும் கொழும்பும் சாத்திரமும் ஒரே மூன்று கிழவர்களின் பெயரைக் கேட்டு எங்கள் முன்னால் நின்றிருக்கின்றன. என் பக்கத்தில் இருந்த இளைஞருக்குப் பாட்டன் பெயரோடு நின்றுவிட்டது. ஐயர் சிறிதும் தயங்காமல், "தெரியாவிட்டால் பரவாயில்லை, பூட்டனார் என்று சொல்லித் தண்ணீர் விடுங்கள், போய்ச் சேரும்" என்றார். எத்தனை பேர் அப்படித் திணறுவதை அவர் பார்த்திருப்பார்! பெயர் தெரியாதவனுக்குச் சாத்திரத்தில் ஒரு வழி இருந்தது. சட்டத்தில் இருக்கவில்லை.

நான் மூன்று பெயர்களையும் சொன்னேன். மூன்றாவது பெயர் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் யாரும் பூட்டனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'ஊருக்குப் போன தாத்தா' என்பார்கள். தகரப் பெட்டியில் இருந்த அந்த நிராகரிப்புக் கடிதத்தில், விண்ணப்பதாரி இன்னாரின் மகன் என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. உலகத்தில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்கும் ஒரே தாள் அது. ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு அதன் தமிழ் உச்சரிப்பை நானாக ஊகித்துக்கொண்டேன்.

பெயர் பெற்ற தகப்பன்மாரை மலையகம் மறக்கவில்லை. சௌமியமூர்த்தி தொண்டமானின் தகப்பனார் கருப்பையா கூலியாக வந்து கங்காணியாகி, றம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளரானவர். அக்கதையை மகன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தொண்டமான் 1999 அக்டோபர் 30ஆம் திகதி காலமானார். அவருடைய பேரன் ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26ஆம் திகதி காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஆறுமுகனின் மகன் ஜீவன் பாராளுமன்றம் சென்றார். 2010ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமான பெ. சந்திரசேகரனின் மகளும் தகப்பனின் பெயரைச் சொல்லித் தேர்தலில் நின்றார். பிள்ளைகள் தகப்பனை நினைப்பதில் குற்றம் காண நான் யார்? நினைவு நாள், சிலை, மாலை, மேடை எல்லாம் இருக்கட்டும். அந்த மேடைக்கு முன்னால் வெயிலில் நிற்கும் நூற்றுக்கணக்கானோரின் தகப்பன்மார் எங்கே கிடக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அவர்கள் தேயிலைக்கு அடியில் கிடக்கிறார்கள். இது அலங்காரமான பேச்சன்று. தோட்டத்து மயானங்கள் பலவற்றுக்கு எல்லைக் கல்லோ வரைபடமோ இல்லை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். அடக்கம் செய்த இடத்தில் மண்மேடு அமர்ந்த பின் புல் முளைக்கும். மீள்நடுகை வந்தால் கன்றும் வரும். 1914ஆம் ஆண்டு மடகொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, அடையாளமின்றிப் புதையுண்ட தம் மக்களுக்காகவே ஆங்கிலத்தில் அந்தத் தேயிலைத் தோட்டக் கவிதையை எழுதினார். சக்தி அ. பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கவிதையை நாம் கொண்டாடினோம், பாடப்புத்தகத்தில் படித்தோம், மயானத்துக்கு வேலி போடவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த கோவிந்தனையும், 1977 மேயில் டெவன் தோட்டத்தில் நிலம் பறிபோவதை எதிர்த்து உயிரிழந்த சிவனு லெட்சுமணனையும் தியாகிகள் என்கிறோம். அவர்களுடைய தகப்பன்மாரின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

இந்தியாவில் சங்கதி வேறு என்று நினைக்கவேண்டாம். நீலகிரிக்குப் போன சித்தப்பாவின் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் பூட்டன் பூண்டுலோயாவில் பிறந்தவர் என்பதே தெரியவில்லை. நான் சொன்னபோது, "அப்போ நாங்க சிலோனா, இண்டியாவா பெரியப்பா?" என்று கேட்டாள் ஒரு பெண். கல்லூரியில் கணினி படிக்கிறாள். அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் அப்பா எழுதியது போன்ற ஒரு கொப்பி எழுதப்பட வேண்டும். இதற்கு ஆணைக்குழு தேவையில்லை, நிதி ஒதுக்கீடு தேவையில்லை, வெளிநாட்டு நிறுவனம் தேவையில்லை. ஒரு பாடசாலை ஆசிரியரும் பத்து மாணவரும் போதும். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிக்கும் கமிட்டி ஒவ்வோர் அறைக்கும் போகிறதே, அதே பாதையில் இன்னொரு முறை போகலாம். பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், பிறந்த தோட்டம், போனவர்கள் போன இடம். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், நாள்தோறும் குறைகிறார்கள். 2015க்குப் பின்னர் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி பெற்ற குடும்பங்களுக்கு முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது. அந்த உறுதியை வைக்கும் பெட்டியில் இந்தத் தாளும் இருக்கட்டும். தொழிற்சங்கங்கள் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம்: ஓய்வு பெறுவதற்கு முன்னரே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துத் திருத்திக் கொடுப்பது. சந்தா அறவிடத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமன்று. மயானத்துக்கு எல்லை குறிக்கச் சொல்லிக் கம்பனிகளிடமும் கேட்கலாம். சம்பளத்தைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

'இனி இதெல்லாம் எதற்கு, பிரசாவுரிமை கிடைத்துவிட்டதே' என்று நண்பரொருவர் கேட்டார். நல்ல கேள்விதான். என் பதில்: இப்போதுதான் யாரும் கட்டாயப்படுத்தாமல் இதை எழுதலாம். விசாரணைக்காக மனப்பாடம் செய்த பாட்டன் பெயரை, விருப்பத்தோடு ஒருமுறை எழுதிப் பார்க்கலாமே.

அப்பாவின் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து முடித்துவிட்டேன். நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களில் அதைச் சேர்ப்பதற்கு முன்னர் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. கொப்பியில் பதினொரு பெயர்களுக்கு நேரே தகப்பன் பெயர் எழுதப்படவில்லை. அப்பா அங்கே கோடு மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறார். அவர்களில் ஏழு பேரின் பிள்ளைகள் 1970களில் டிக்கோயாப் பகுதியிலிருந்து கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்கள். அப்பகுதிகளில் இருந்து இதை வாசிப்பவர்கள் யாராவது இருந்தால், வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி. பெயரின் உச்சரிப்பை மட்டும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.